நீலகிரியில் இல்லாத ஒரு வகுப்பு

ஊட்டியில் ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா இருக்கும் குன்றில்தான் அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. 1955-ல் தொடங்கிய கல்லூரி. இந்த மலையில் பிறந்த பிள்ளைகள் பலருக்கு முதல் பட்டம் இங்கே கிடைக்கிறது, அல்லது குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரியில், அல்லது கூடலூர் அரசுக் கல்லூரியில். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்தும் படகர் ஹட்டிகளிலிருந்தும் பழங்குடிக் கிராமங்களிலிருந்தும் வருகிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவர்கள் நிறைய. ஊட்டிக் கல்லூரியில் வரலாறு படிக்கலாம், வணிகவியல் படிக்கலாம், தாவரவியல் படிக்கலாம். தத்துவம் படிக்க முடியாது.

இதே ஊரில் பெர்ன்ஹில் பக்கம் மஞ்சணக்கொரையில் ஒரு குருகுலம் இருக்கிறது. நாராயண குருவின் சீடரான நடராஜ குரு 1923-ல் நீலகிரியில் தொடங்கிய நாராயண குருகுலம் அது. சங்கரரையும் பெர்க்சனையும், உபநிடதத்தையும் தெக்கார்த்தேயையும் சேர்த்து உட்கார்ந்து படித்த இடம். பல பத்தாண்டுகளாக அங்கே நடந்த படிப்பு, பேருந்தில் சில நிமிடத் தொலைவில் இருக்கும் கல்லூரி வகுப்பறைக்குள் ஒரு தாளாகக்கூட நுழையவில்லை. எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. பதினெட்டு வயதில் ஒருவருக்கு இந்தியத் தத்துவத்தையும் மேலைத் தத்துவத்தையும் கற்பிக்க வேண்டுமென்றால் எந்த வரிசையில் கற்பிப்பது, எந்த மொழியில், எந்த நூல்களைக் கொண்டு? படிக்கிறவருக்கு அதனால் என்ன கிடைக்கும்? இவற்றைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

நம் கல்லூரிகளில் தத்துவப் பாடம் வந்த வழியை முதலில் சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தில் அது கிறித்தவ மிஷன் கல்லூரிகள் வழியாகவும் மாநிலக் கல்லூரி வழியாகவும் வந்தது. தத்துவம் என்றால் பிளேட்டோவிலிருந்து கான்ட் வரை. வேதாந்தமும் நியாயமும் சம்ஸ்கிருதத் துறையின் சரக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தன. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த ஏ.ஜி. ஹாக் இதற்கு ஓரளவு விலக்கு. கர்மக் கொள்கையைப் பற்றிப் பொறுப்போடு எழுதியவர் அவர். அவருடைய மாணவர்தான் ராதாகிருஷ்ணன். பணவசதியில்லாத குடும்பத்துப் பையன். தத்துவம் படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் பழைய பாடப்புத்தகங்களைக் கொடுத்துவிட்டதால் தத்துவம் எடுத்தார். எந்தப் புத்தகம் கைக்கு எட்டுகிறதோ அந்தப் படிப்புதான் ஏழை மாணவருக்கு வாய்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்று மிஷனரிகள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், வேதாந்தத்தின் அறவியலைப் பற்றியே 1908-ல் எம்.ஏ. ஆய்வேடு எழுதினார் அவர். ஹாக் அதைப் பாராட்டினார்.

பின்னர் சுமார் முப்பது ஆண்டுகளில் எல்லாம் மாறிவிட்டது. தாஸ்குப்தாவின் இந்தியத் தத்துவ வரலாறு முதல் தொகுதி 1922-ல் வந்தது. ராதாகிருஷ்ணனின் இரு தொகுதிகள் 1923-லும் 1927-லும் வந்தன. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஹிரியண்ணா பல ஆண்டுகள் ஆற்றிய விரிவுரைகள் 1932-ல் நூலாயின. சட்டர்ஜி–தத்தாவின் அறிமுக நூல் 1939-ல் வெளிவந்தது. இந்த நான்கும் சேர்ந்து இந்தியத் தத்துவத்துக்குக் கல்லூரியில் ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தன. இவற்றில் ஹிரியண்ணாவின் நூல் இன்றும் மாணவர் கையில் கொடுக்கத் தக்கது. எதிர்த்தரப்பின் வாதத்தை அவர் எப்போதும் அதன் முழு வலிமையோடு சொல்வார், சொன்ன பிறகுதான் மறுப்பார்.

ஆனால் நாற்காலி தனியாகப் போடப்பட்டது. மேலைத் தத்துவம் ஒரு தாள், இந்தியத் தத்துவம் இன்னொரு தாள். ஒன்றுக்குத் தில்லி (Thilly) எழுதிய மேலைத் தத்துவ வரலாறு, மற்றதற்கு ஹிரியண்ணா. கடவுள் உண்டு என்பதற்கு தெக்கார்த்தே தந்த நிரூபணத்தை ஒரு செமஸ்டரில் மாணவர் எழுதுகிறார். அதே முடிவுக்கு நியாயவாதி உதயணர் தந்த வாதங்களை அடுத்த செமஸ்டரில் எழுதுகிறார். இரண்டில் எது நிற்கும், எது எங்கே உடையும் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. தனித்தனியாகக் கற்பித்தால் இரண்டுமே மனப்பாடச் செய்தியாகிவிடுகின்றன. கைடு வாங்கித் தேர்ச்சி பெறலாம். வாதிடக் கற்றுக்கொள்ள முடியாது. இளநிலைத் தத்துவக் கல்வியின் முதன்மைக் கோளாறு என்று நான் கருதுவது இதைத்தான்.

பாட வரிசையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியத் தத்துவத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சார்வாகம் முதல் அலகு. அதை விரைவாக மறுத்துவிட்டுச் சமணம், பௌத்தம், நியாய வைசேடிகம், சாங்கிய யோகம், மீமாம்சை என்று ஏறி அத்வைதத்தின் உச்சியில் நிற்கிறோம். பதினான்காம் நூற்றாண்டின் சர்வதரிசன சங்கிரகம் வகுத்த ஏணி இது. அதை எழுதிய மாதவர் அத்வைதி என்பதால் அவருடைய தரிசனம் கடைசியில் வந்தது. மேலைத் தத்துவத்திலும் ஓர் ஏணி உண்டு: தேலீஸில் தொடங்கி, இபின் சீனாவையும் இபின் ருஷ்தையும் தாண்டிக் குதித்து, கான்ட்டிலோ ஹெகலிலோ முடியும். ஹெகல் தன் தத்துவ வரலாற்று விரிவுரைகளில் சீனத்தையும் இந்தியாவையும் வாசற்படியிலேயே நிறுத்தினார், தன் காலத்து ஜெர்மானியத் தத்துவத்தை உச்சியில் வைத்தார்.

தமிழ் படித்த மாணவருக்கு இந்த ஏணிகளைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு வேறெவரையும்விட அதிகம். மணிமேகலையின் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி நகரில் துறவி வேடம் தாங்கிய மணிமேகலை பத்து வாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதியில் தொடங்கி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், சாங்கியன், வைசேடிகன் என்று போய்ப் பூதவாதியில் முடிகிறது. பிறகு காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்தத்தைக் கேட்கிறாள். அங்கே உச்சி பௌத்தம். நீலகேசியில் ஒரு சமணப் பெண் ஊர் ஊராகப் போய் பௌத்தரையும் ஆசீவகரையும் சாங்கியரையும் வேதவாதியையும் பூதவாதியையும் வாதில் வெல்கிறாள். அங்கே உச்சி சமணம். அருள்நந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம் உலகாயதனில் தொடங்கிப் பதினான்கு தரப்புகளை மறுக்கிறது. சர்வதரிசன சங்கிரகத்தில் முடிசூடிய அத்வைதம், இங்கே மாயாவாதி என்ற பெயரில் மறுக்கப்படும் தரப்புகளில் ஒன்றாக நிற்கிறது.

இந்த நூல்களிலிருந்து தேர்ந்த பகுதிகளை அருகருகே வைத்து ஒரு செமஸ்டர் படித்தால் போதும், மாணவருக்கு ஒன்று விளங்கிவிடும்: தத்துவ வரலாறு என்று நமக்குத் தரப்படுவது எப்போதும் யாரோ ஒருவரின் தரப்பு. விளங்கிய பின் ஹெகலைக் கொடுத்தால் அச்சமில்லாமல் படிப்பார். இந்த நான்கு நூல்களில் மூன்று தமிழில் இருக்கின்றன. தமிழ் இலக்கிய வகுப்பில் மணிமேகலையின் கதையைப் படிக்கிறோம், தருக்கம் வரும் காதைகளை விட்டுவிடுகிறோம். தத்துவ வகுப்பிலோ மணிமேகலையே இல்லை.

இரண்டு மரபுகளையும் ஒரே கேள்வியின்மேல் நிறுத்திக் கற்பிப்பது எப்படி என்பதற்கு நீலகிரிக்குப் பொருந்தும் ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இந்தியத் தருக்கத்தில் எல்லோரும் அறிந்த அனுமானம்: அந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது. எங்கே புகையோ அங்கே நெருப்பு, அடுக்களையில்போல. சமவெளிக் கல்லூரியில் இது புத்தக வரி. ஊட்டியில் அப்படியில்லை. பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்து கிடக்கும்போது எதிர் மலையில் வெண்மையாக ஏதோ எழுந்தால் வனத்துறைத் தீத்தடுப்புக் காவலர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அது புகையா, பள்ளத்திலிருந்து ஏறும் பனிமூட்டமா?

பழைய தருக்க நூல்கள் இதே ஐயத்தைத்தான் எடுத்துப் பேசின. மணிமேகலையின் தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதை முழுக்கவே ஒரு தருக்கப் பாடம். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்புகளைச் சொல்லி, கடைசி இரண்டையும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடக்கி மூன்றாக்குகிறது. பிறகு போலி ஏதுக்களை வகை பிரிக்கிறது. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே அதைப் புகையென்று கொண்டு நெருப்பு உண்டு என முடிவு கட்டுவது அந்தப் போலிகளில் ஒன்று. இந்தப் பகுதி நியாயப்பிரவேசம் என்ற சம்ஸ்கிருத பௌத்த நூலோடு நெருக்கமாக ஒத்துப்போவதை ஆய்வாளர்கள் விரிவாக ஒப்பிட்டிருக்கிறார்கள்.

இங்கே நிறுத்தி மாணவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்கலாம். பனியைப் புகை என்று தவறாக எண்ணி, அங்கே நெருப்பு இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டார். போய்ப் பார்த்தால் பனிக்குப் பின்னால் உண்மையிலேயே நெருப்பு எரிகிறது. அப்படியானால் அவருக்கு நெருப்பைப் பற்றிய அறிவு இருந்ததா? எட்டாம் நூற்றாண்டில் பௌத்தத் தருக்கவாதி தர்மோத்தரர் இப்படி ஒரு நிலையைக் காட்டுகிறார். இறைச்சி சுட நெருப்பு மூட்டுகிறார்கள். புகை இன்னும் எழவில்லை. இறைச்சியின் வாசத்துக்குப் பூச்சிகள் மேகம்போல மொய்க்கின்றன. தொலைவில் நிற்பவன் அதைப் புகை என்று எண்ணி, நெருப்பு இருக்கிறது என்கிறான். சொன்னது உண்மைதான், ஆனாலும் அது அறிவாகாது என்கிறார் தர்மோத்தரர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் இத்தகைய நிலைகளை வைத்தே நியாயவாதிகளின் வரையறைகளை உலுக்கினார். 1963-ல் அமெரிக்கத் தத்துவவாதி எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கக் கட்டுரையில், காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கையே அறிவு என்ற வரையறை போதாது என்று காட்டினார். வேலைக்கு வந்தவரின் சட்டைப்பையில் பத்து நாணயங்கள் என்பது அவருடைய எடுத்துக்காட்டு. அந்த மூன்று பக்கம் மேலை அறிவாய்வியலை அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்டிவைத்திருக்கிறது.

ஆயிரத்து இருநூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு மரபுகள் ஒரே முட்டுக்கட்டையில் வந்து நிற்கின்றன. ஆனால் அதிலிருந்து அவை வெளியேறிய வழிகள் வேறு. நியாய மரபில் பெரும்பகுதி, சரியான கருவியால் பிறந்ததா என்று அறிவின் பிறப்பைக் கேட்டது. கெட்டியருக்கு முந்தைய மேலை மரபு, அறிந்தவர் என்ன காரணம் காட்ட முடியும் என்று கேட்டது. முதலாண்டு மாணவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். பனி சூழ்ந்த வகுப்பறை ஜன்னலைத் திறந்துவிட்டால் பாடத்தின் பாதி முடிந்துவிடும்.

காட்சி அறிவைப் பற்றிய பாடத்துக்கும் இந்த மலையே சான்று தருகிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901–02-ல் இங்கே வந்து தோடர்களிடையே ஆய்வு செய்தார். அதன் விளைவாக 1906-ல் வந்த அவருடைய நூலை மானுடவியல் மாணவர்கள் அறிவார்கள். அவர் உளவியலாளரும்கூட. தோடர்களின் புலன்களைச் சோதித்து 1905-ல் ஒரு தனிக் கட்டுரை வெளியிட்டார். சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் உள்நோக்கிய அம்புக்குறி, மற்றதில் வெளிநோக்கியது. ஒன்று நீளமாகத் தோன்றும். இந்தத் தோற்றப்பிழைக்கு ஆங்கிலேயரைவிடத் தோடர்கள் குறைவாக ஆட்பட்டார்கள். நிமிர்ந்த கோடு கிடைக்கோட்டைவிட நீளமாகத் தெரியும் இன்னொரு தோற்றப்பிழைக்கு அவர்கள் கூடுதலாக ஆட்பட்டார்கள். கண் எல்லோருக்கும் ஒன்றென்றால் பிழை ஏன் வேறுபடுகிறது? புலன் தரும் தூய காட்சிக்கும் பெயரும் வகையும் ஏறிய காட்சிக்கும் இடையே பௌத்தத் தருக்கவாதி திக்நாகர் போட்ட கோட்டையும், மனம் தன் வடிவங்களைப் பொருளின்மேல் ஏற்றுகிறது என்ற கான்ட்டின் வாதத்தையும் இந்தச் சோதனையோடு சேர்த்து வைத்துப் பேசலாம். அளக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அந்த வகுப்பில் உட்கார்ந்து, அளந்தவரின் முறையைக் கேள்வி கேட்கட்டும். ஒரு நூற்றாண்டாக ஆய்வுப் பொருளாக மட்டும் இருந்தவர்கள் ஆய்வாளராக ஆவதற்கு அதுவும் ஒரு வாசல்.

இனி பெர்ன்ஹில்லுக்கு வருவோம். நடராஜ குரு, டாக்டர் பல்புவின் மகன். சாதியின் பேரால் திருவிதாங்கூர் அரசு வேலை தர மறுத்ததால் மைசூர் அரசுப் பணிக்குப் போன மருத்துவர் பல்பு. அவருடைய மகன் அறிவியல் படித்தார், நாராயண குருவிடம் வந்தார், பின்னர் பாரிஸ் சென்று சோர்போனில் கல்வியியலில் முனைவரானார். கல்வியில் தனிமனித உறவின் இடம் என்ன என்பது அவர் ஆய்வு. சுவிட்சர்லாந்தில் ஆசிரியராக இருந்தார். வேதம் கேட்கும் உரிமையே மறுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஒருவர் வேதாந்தத்தையும் பிரெஞ்சுத் தத்துவத்தையும் சமமாக எதிர்கொண்டார் என்பது நம் கல்வி வரலாற்றில் பெரிய நிகழ்வு. நாராயண குரு சம்ஸ்கிருதத்தில் எழுதிய தரிசனமாலை, பத்து தரிசனங்களுக்குப் பத்துப் பாடலாக நூறு பாடல். அதற்கு நடராஜ குரு எழுதிய பேருரையில் தெக்கார்த்தேயின் குறுக்கும் நெடுக்குமான அச்சுக்கோடுகளைக் கொண்டு வேதாந்தத்தின் கருத்தமைப்பை வரைந்து காட்டினார்.

அவருடைய சீடர் நித்ய சைதன்ய யதி கொல்லம் எஸ்.என். கல்லூரியிலும் சென்னை விவேகானந்தா கல்லூரியிலும் தத்துவம் கற்பித்தவர். கல்லூரி வகுப்பையும் குருகுலத்தையும் உள்ளிருந்து அறிந்த ஒருவர். 1999-ல் மறையும்வரை பெர்ன்ஹில்லில் அவரைத் தேடி மாணவர்களும் எழுத்தாளர்களும் வந்துகொண்டிருந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவரான ஜெயமோகன் வழியாகவே அந்தச் சிந்தனை தமிழில் பரவலாயிற்று. அவருடைய ‘இந்து ஞான மரபில் ஆறு தரிசனங்கள்’, தரிசனங்களைப் பக்திக்குள் கரைக்காமல் சிந்தனை முறைகளாக அறிமுகப்படுத்துகிறது. குருகுலத்தில் பல ஆண்டுகள் நடந்த இலக்கிய முகாம்களும், இப்போது ஈரோடு மாவட்டம் அந்தியூர் அருகே வெள்ளிமலையில் நடக்கும் தத்துவ வகுப்புகளும் அதன் தொடர்ச்சி. விடுமுறை நாளில் பணம் கட்டி, பேருந்து ஏறிப் போய்த் தத்துவம் கேட்கத் தமிழ் இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குருகுலத்தின் மீது எனக்கிருக்கும் மதிப்போடு ஒரு கருத்து வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். நடராஜ குருவுக்குக் கிழக்கும் மேற்கும் ஒரே முழுமுதலின் அறிவியலில் இணைந்தாக வேண்டும். அது அவர் வாழ்ந்து அடைந்த முடிவு. இளநிலை மாணவருக்கு அதைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடக் கூடாது. நாகார்ஜுனர் அந்த முழுமுதலை ஏற்கமாட்டார். ஹியூம் ஏற்கமாட்டார். பூதவாதியும் ஏற்கமாட்டார். வேறுபாடுகளை அவற்றின் கூர்மையோடு அறிந்த பிறகு ஒருமையைத் தேடுவது படிப்பு. அறியாமல் ஒருமையைச் சொல்வது வெறும் நல்லெண்ணம். அந்தக் கூர்மையைக் காட்டியவர்கள் உண்டு. தத்துவ அறிஞர் தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1959-ல் ‘லோகாயதா’ எழுதி, இந்தியத் தத்துவம் முழுக்க ஆன்மிகமே என்ற படிமத்தை உடைத்தார். தத்துவவாதி தயா கிருஷ்ணா தர்க்கத்தின் வழியே அதே படிமத்தை எதிர்த்தார். 1983-ல் புனேயில் நடந்த உரையாடலில் அவரும் நண்பர்களும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் கருத்துகளைச் சம்ஸ்கிருத பண்டிதர்கள் முன் வைத்து விவாதிக்கச் செய்தார்கள். பண்டிதர்கள் ரஸ்ஸலை அருஞ்செய்தியாகப் பார்க்கவில்லை, ஓர் எதிர்த்தரப்பாக எடுத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். வகுப்பறைக்கு வேண்டியது இந்த மனநிலைதான். குருகுலத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எல்லாரையும் ஒரே மேசைக்கு அழைக்கும் துணிவு. மேசையில் எட்டப்பட்ட முடிவை மாணவர் தாமே சோதித்துப் பார்க்கட்டும்.

மொழியைப் பற்றி. 1964-ன் இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களிலும் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கங்களிலும் குடியேறின. அவர்களுடைய உறவினரின் பிள்ளைகள் அங்கே ஹட்டனிலோ நுவரெலியாவிலோ படித்தால் பள்ளி உயர்தரத்தில் தருக்கமும் விஞ்ஞான முறையும் என்ற பாடத்தைத் தமிழிலேயே எடுக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் துறை இருக்கிறது, தமிழில் கற்பிக்கிறது. இங்கே வந்த கிளைக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. ஈழத்தில் முடிகிற காரியம் தமிழ்நாட்டில் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்குத் தமிழில் நூலில்லை என்பது விடையாகாது.

நூல்கள் இருக்கின்றன, சிதறிக் கிடக்கின்றன. வெ. சாமிநாத சர்மா பிளேட்டோவின் ‘அரசியல்’ நூலைத் தமிழில் தந்தார். 1960-களில் கல்லூரிகளில் தமிழ்வழிக் கல்வி வந்தபோது அரசே பட்டப்படிப்புக்கான தமிழ் நூல்களை வெளியிட்டது. அளவையியலும் தத்துவமும் அவற்றில் உண்டு. ராகுல் சாங்கிருத்தியாயனின் தத்துவ நூல் ஐரோப்பிய, இந்து, பௌத்த, இஸ்லாமியத் தத்துவ இயல்கள் எனத் தனித்தனி நூல்களாக நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகத் தமிழில் கிடைக்கிறது. சட்டோபாத்யாயாவின் நூல் ‘உலகாயதம்’ என்ற பெயரில் தமிழில் இருக்கிறது. ந. முத்துமோகன் ஐரோப்பியத் தத்துவத்தையும் இந்தியத் தத்துவத்தில் தமிழின் தடங்களையும் பற்றித் தொடர்ந்து எழுதியிருக்கிறார். யொஸ்டைன் கார்டெரின் ‘சோஃபியின் உலகம்’ ஆர். சிவகுமார் மொழிபெயர்ப்பில் காலச்சுவடு வெளியீடாக வந்திருக்கிறது. பதினெட்டு வயது மாணவருக்கு முதல் மாதத்தில் கொடுக்க அதைவிட நல்ல நூல் எனக்குத் தெரியவில்லை. இத்தனையும் பெரும்பாலும் தனிமனிதர்களும் பதிப்பகங்களும் செய்தவை. இவற்றிலிருந்து ஒரு வாசிப்புத் தொகுப்பு செய்வதுதான் மிச்சம். அதை ஒரு பல்கலைக்கழகம் செய்ய வேண்டும்.

படித்தால் வேலை கிடைக்குமா என்று லைன் வீட்டில் கேட்பார்கள். கொழுந்து பறித்துக் கூலி வாங்கும் தாய் கேட்கும் அந்தக் கேள்வியை எவரும் இகழக் கூடாது. பள்ளிகளில் தத்துவம் என்றொரு பாடம் இல்லாததால் ஆசிரியர் வேலைக்கான வழி குறுகலானது. இதை மறைக்கக் கூடாது. எந்தப் பட்டமும் போதும் என்கிற அரசுத் தேர்வுகளுக்குத் தத்துவப் பட்டமும் போதும். குடிமைப் பணித் தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம். அதன் முதல் தாளில் பிளேட்டோ முதல் மேலைத் தத்துவமும், சார்வாகம் முதல் அரவிந்தர் வரை இந்தியத் தத்துவமும் சேர்ந்தே வருகின்றன. கல்லூரியில் இந்தப் பாடத்தின் பெயரையே கேட்காத பட்டதாரிகள் பயிற்சி மையத்தில் பணம் கட்டி இதைப் படிக்கிறார்கள். சட்டம் படிக்கப் போகிறவருக்கும் இதழியலுக்குப் போகிறவருக்கும் வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி நேரடியாக உதவும். பிரான்சில் இது பட்டப்படிப்புக்குக்கூடக் காத்திருப்பதில்லை. பள்ளி இறுதியாண்டில் பொதுக்கல்வி மாணவர் அனைவரும் தத்துவம் படித்து நான்கு மணி நேரத் தேர்வு எழுதுகிறார்கள். தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அது ஆடம்பரம் என்று அங்கே ஒதுக்குவதில்லை.

தமிழ்நாட்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, விவேகானந்தா கல்லூரி, கருமாத்தூர் அருளானந்தர் கல்லூரி என்று இளநிலைத் தத்துவம் வளர்த்த கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊட்டியிலிருந்து அங்கே போய் விடுதியில் தங்கிப் படிப்பது எல்லாராலும் ஆகாது. கத்தோலிக்கக் குருமடங்களில் இறையியலுக்கு முன் தத்துவம் கட்டாயம். ஆனால் அது குருவாகப் போகிறவர்களுக்கு. மீதிப் பேருக்கு நீலகிரியில் ஒரு கதவு திறக்க வேண்டும்.

முழுப் பட்டப்படிப்பை நாளையே தொடங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. பாரதியார் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவினருக்கும் மலைக்கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. எல்லாத் துறை மாணவரும் எடுக்கக்கூடிய ஒரு விருப்பப் பாடம், இரண்டு செமஸ்டர், தமிழில். முதல் செமஸ்டரில் அறிவது எப்படி என்ற ஒரு கேள்வி மட்டும்; மணிமேகலையின் இரண்டு காதைகள், தர்மோத்தரர், கெட்டியர், ரிவர்ஸ் இதற்குப் போதும். இரண்டாவதில் எப்படி வாழ வேண்டும் என்ற கேள்வி. அதற்குக் குறளும் அரிஸ்டாட்டிலும் கான்ட்டும் நாராயண குருவும். தேர்வில் ஒரு வினாவாவது இரண்டு தரப்பை மோதவிட்டு மாணவரின் முடிவைக் கேட்கட்டும். மஞ்சணக்கொரைக் குருகுலத்துக்கு மாதம் ஒருமுறை மாணவரை அழைத்துப் போங்கள். தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவரும் இயற்பியலோ வரலாறோ கற்பிக்கும் ஒருவரும் சேர்ந்தால் புதிய பணியிடம் இல்லாமலே இதைத் தொடங்கலாம். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் இதைச் சேருங்கள்.